இரண்டு ஃபேன் கார்டு

அலமாரிப் பட்டறையில் அவளைப் படக்காரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சமையலறை அலமாரி, துணி அலமாரி, டிவி வைக்கும் பலகை என்று பட்டறை எதைச் செய்தாலும், மரத்தில் ரம்பம் படுவதற்கு முன்னால் அது அவளுடைய கம்ப்யூட்டரில் ஒரு தடவை நின்றாக வேண்டும். படத்தைப் பார்த்து, இந்தக் கதவு வேண்டாம், அந்தக் கைப்பிடி வேண்டும் என்று வீட்டுக்காரர்கள் சொன்ன பிறகுதான் தச்சர்கள் பலகையைத் தொடுவார்கள். இன்னும் செய்யாத அலமாரியின் மேல் வெயில் எந்தப் பக்கமிருந்து விழும், அதன் கண்ணாடிக் கதவில் எதிர்ச்சுவர் எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஆனால் பட்டறைக்குப் போனால் வாசல் நிலையை ஒட்டியே நிற்பாள். "உள்ள வாம்மா, மரம் கடிக்காது" என்பார் முதலாளி. சிரித்துவிட்டு அங்கேயே நிற்பாள்.

ஒன்பதாம் வகுப்போடு அவள் படிப்பு நின்றது. ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் தரை கூட்டப் போனாள். பிறகு பாஸ்போர்ட் படம் வெட்டும் கத்தரி கைக்கு வந்தது. கம்ப்யூட்டரில் வேலை செய்தவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, எந்தப் பொத்தானை அழுத்தினால் முகத்துப் பரு மறைகிறது என்று இரண்டு வருடம் பார்த்தாள். யாரும் சொல்லித் தரவில்லை, அவளும் கேட்கவில்லை. ஒருநாள் அவர் வராதபோது உட்கார்ந்து ஒரு கல்யாண ஆல்பத்தையே முடித்து வைத்தாள். ஸ்டுடியோக்காரர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊமை மாதிரி நின்னு எல்லாத்தையும் களவாடிட்டியே" என்றார். அது பாராட்டு என்று புரிய அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கல்யாணத்துக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை. வீடு என்றால் இரண்டு அறையும் ஒரு சமையல் மூலையும். முன்னறையில் ஜன்னலோரம் மாமனாரின் இரும்புக் கட்டில். பின்னறையில் அவள் மேஜை. நடுவில் கதவு கிடையாது, ஒரு துணித் திரைதான். கணவன் மருந்து கம்பெனி வேன் ஓட்டுகிறான். காலை ஆறு மணிக்குப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வருவான். அதுவரை வீட்டில் அவளும் மாமாவும்.

மாமா நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டராக இருந்தவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை நேரம், பல் தேய்த்துக்கொண்டே சரிந்தார். அன்றோடு வலது பக்கம் போயிற்று. பேச்சு இருக்கிறது, ஆனால் மெல்லத்தான் வரும். குரலை உயர்த்திக் கூப்பிட முடியாது. அதனால் இடது கையில் ஒரு எவர்சில்வர் ஸ்பூனைக் கொடுத்து வைத்திருந்தார்கள். கட்டில் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் தண்ணீர். இரண்டு என்றால் சிறுநீர்க் குடுவை. மூன்று என்றால் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இவையெல்லாம் எல்லோருமாகச் சேர்ந்து பேசி வைத்தவை. நான்கு தட்டை மாமா தானாகவே கண்டுபிடித்தார். நான்கு என்றால் ஒன்றுமில்லை, சும்மா.

ஓடிப்போய் நிற்பாள். "மணி என்னம்மா?" என்பார். கடிகாரம் அவருக்கு நேர் எதிரே தொங்கும். இல்லாவிட்டால் சுவரைக் காட்டி, "பல்லி வந்துடுச்சு பாரு" என்பார். போன வாரம் வந்த அதே பல்லி. இப்படி ஒரு நாளில் இருபது தடவை, முப்பது தடவை. அவள் ஒரு கதவின் அளவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பாள், டங் டங் டங் டங். திரும்பி வந்து உட்காரும்போது அளவு மறந்திருக்கும். அவள் முகம் சுளித்ததில்லை. முகம் சுளிக்காத பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. எல்லாம் உள்ளேதான் போகும்.

அந்த வருடம் பட்டறைக்கு வேலை கூடியது. "காலைல கேட்டா மத்தியானம் படம் வரணும்மா. உன் கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு அரை நாள் யோசிக்குது" என்றார் முதலாளி. புது கிராஃபிக்ஸ் கார்டு போட்டால்தான் ஆகும் என்று அவளுக்கும் தெரியும். எந்தக் கார்டு என்பது முடிவாகிவிட்டது. ஆனால் அந்த ஒரே கார்டு இரண்டு விதமாக வந்தது, ஒன்று நீளம், ஒன்று குட்டை. சிபியு பெட்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

வெளிச்சத்துக்காகப் பெட்டியை ஜன்னலருகே தூக்கிவந்து கட்டில் ஓரத்தில் வைத்தாள். பட்டறையில் கொடுத்த அளவு டேப்பை எடுத்தபோது மாமா இடது கையை நீட்டினார். டேப்பின் நுனியை அவர் பிடித்துக்கொள்ள, அவள் மறுமுனையை இழுத்தாள். இருபத்தெட்டு சென்டிமீட்டர், நீளக் கார்டுக்குப் போதாது. மாமா கழுத்தைச் சாய்த்து உள்ளே பார்த்தார்.

"குறுக்க ஒரு ட்ரே நிக்குது பாரு. அதைக் கழட்டு."

"அதுல டிஸ்க் இருக்கு மாமா."

"டிஸ்க்கு கீழ உக்காரும். நாலு ஸ்க்ரூதான். கழட்டினா முப்பத்தஞ்சு வரும்." வாழ்நாளெல்லாம் இயந்திரத்தோடு இருந்தவருக்கு ஒரு பெட்டியின் வயிற்றைப் பார்த்ததில் அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம். "முப்பத்தஞ்சு" என்று இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை, பக்கத்து வீட்டு அக்காவை மாமாவுக்குத் துணையாக உட்காரவைத்துவிட்டு அவள் கடைக்குப் போனாள். கணவன் வேனிலிருந்து ஃபோனில் சொல்லியிருந்தான்: "சத்தம் போடாததா பாத்து வாங்கு. அப்பா பக்கத்துலயே ஓடப்போவுது."

கார்டு கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டையும் மேஜை மேல் வைத்தார். "ரெண்டும் ஒரே கார்டுதான்மா. பேர் ஒன்னு, நம்பர் ஒன்னு, உள்ள இருக்கிற சிப்பும் ஒன்னு. அண்ணன் தம்பின்னு வெச்சுக்கோங்க. மூணு ஃபேன் இருக்கானே, இந்த நெட்டையன் நிதானமானவன். இந்த ரெண்டு ஃபேன்காரன் வாயாடி."

"வேலை?"

"வேலை ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் செய்வாங்க. வாயாடி ஊருக்கே சொல்லிட்டுச் செய்வான், அவ்வளவுதான். இந்த மாசம் விலையும் ரெண்டுக்கும் ஒன்னு. கண்ணை மூடிக்கிட்டு மூணை எடுங்க."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். சந்தேகப்படுகிறாள் என்று நினைத்து, அவர் நீளக் கார்டைச் சோதனைக்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டர் பலகையில் மாட்டி ஓடவிட்டார். திரையில் ஏதோ ஒரு உருண்டை சுழன்றது. காற்றுச் சத்தம் மெல்லக் கேட்டது. வேலை முடியக் காத்திருக்கையில் பேனாவால் மேஜைக் கண்ணாடியைத் தட்டுவது அவர் பழக்கம் போலிருக்கிறது. டிக், டிக், டிக். அவளுடைய முதுகு அவளை அறியாமல் நிமிர்ந்தது. எங்கே தட்டல் கேட்டாலும் அவள் முதுகு அப்படித்தான் நிமிரும்.

பிறகு குட்டைக் கார்டை மாட்டினார். முதலில் ஒன்றுமில்லை. உருண்டை வேகமெடுத்ததும் இரண்டு சின்ன ஃபேன்களும் கிளம்பின. ஒரே இரைச்சல். கடைக்காரர் ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, சொல் வரவில்லை. அவர் கையிலிருந்த பேனா கண்ணாடியில் விழுவதும் எழுவதுமாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பேனா தட்டுகிறது, சத்தம் இல்லை. தட்டுகிறது, சத்தம் இல்லை.

அவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "வீட்ல குழந்தை, பெரியவங்க யாராவது இருக்காங்களாம்மா? இருந்தா இது தொல்லை."

"இல்லைங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. உயிரோடு இருக்கிற மனிதரை ஒரே வார்த்தையில் இல்லையென்று ஆக்கியாயிற்று. ஆனால் நாக்கு நிற்கவில்லை. "இந்தச் சின்னதே குடுங்க. எங்க பெட்டிக்குள்ள பெருசு போகாது. இருபத்தெட்டுதான் இடம்."

"ட்ரே இருக்கும்மா, கழட்டினா..."

"கழட்ட முடியாதுங்க."

கடைக்காரர் தோளைக் குலுக்கினார். "ஏழு நாளைக்குள்ள மாத்திக்கலாம். டப்பா, பில்லு, ஸ்டிக்கர் எல்லாம் அப்படியே இருக்கணும். எட்டாவது நாள் வந்தீங்கன்னா நான் யாரோ, நீங்க யாரோ."

அன்று மாலை கணவன் உள்ளே நுழையும்போது கார்டு ஓடிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்றுவிட்டான். "என்ன இது, வீட்டுக்குள்ள ஃப்ளைட்டு கிளம்புது?"

"பெருசு உள்ள போகலங்க."

"அளந்துட்டுத்தானே போன?"

"அளந்தேன். போகல."

திரைக்கு அந்தப் பக்கம் மாமா விழித்துத்தான் இருந்தார். இருமல் கேட்டது, அதோடு நின்றது. முப்பத்தைந்து என்று அவர் சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். கணவன் திட்டியிருப்பான், அவள் மாற்றியிருப்பாள்.

புதன்கிழமை, மூன்று வருடத்தில் முதல் முறையாக அவள் ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வேலை செய்தாள். வியாழக்கிழமை ஒரு முழுச் சமையலறை முடிந்தது. கதவுக் கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தது, ஜன்னலில் வெளிச்சம் தெரிந்தது. "யம்மா, இது படமா, வீடா?" என்று முதலாளி ஃபோனில் கேட்டார். அவளுக்கே தன்னைப் பிடித்திருந்தது. வரைந்தது கம்ப்யூட்டரில் ஓடிப் படமாக முடிகிற இடைவேளைகளில் திரையை விலக்கிப் பார்ப்பாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். ஸ்பூன் கையில் இருக்கும்.

"கூப்பிட்டீங்களா மாமா?"

"இல்லம்மா."

அந்த 'இல்ல'வை அவள் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டாள். கடையில் அவள் சொன்னதும் ஒரு 'இல்லை'தான்.

வெள்ளிக்கிழமை அவள் செய்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அன்று பகலிலேயே வேலை முடிந்துவிட்டது. கார்டு சத்தம் அடங்கியது. வீட்டில் திடீரென்று எல்லாம் கேட்டது: குழாய் சொட்டுவது, தெருவில் ஒரு பைக், கட்டில் கம்பி லேசாகக் கிரீச்சிடுவது. இப்போது தட்டுவார் என்று தோன்றியது. அவள் கை தானாகப் போய், முடிந்த படத்தையே மறுபடி ஓடவிட்டது. இரைச்சல் எழுந்தது. எந்த வேலையும் இல்லாமல், சும்மா, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை.

எழுந்துபோய்த் திரையை விலக்கியபோது ஸ்பூன் தரையில் கிடந்தது. மாமா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். விரிப்பு நனைந்திருந்தது.

"ஐயோ மாமா. எப்ப?"

"இப்பதாம்மா."

அவள் துணியில் கை வைத்தாள். ஈரம் சில்லென்றிருந்தது. ஓரங்கள் காயத் தொடங்கியிருந்தன. கட்டில் கம்பிக்குப் பச்சை பெயிண்ட். தலையணை மேலும் விரிப்பு மேலும் அந்தப் பெயிண்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. கம்பியில் ஒரு விரல் நீளத்துக்கு இரும்பு பளபளத்தது. காலையில் துடைத்தபோது அங்கே பெயிண்ட் இருந்தது. அவள் எதையும் பார்க்காமல் விடுகிறவள் அல்ல.

அவரைத் துடைத்தாள், வேட்டி மாற்றினாள், விரிப்பை உருவினாள். பச்சைப் பொடியை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தாள். கணவன் கண்ணில் படக்கூடாது என்றுதான் எடுக்கிறோம் என்று தெரிந்தே எடுத்தாள். மாமா கடைசிவரை அவளைப் பார்க்கவில்லை. வெட்கப்பட வேண்டியவள் அவள், வெட்கப்பட்டவர் அவர்.

மறுநாளே கார்டை மாற்றிவிட நினைத்தாள். சனிக்கிழமை பக்கத்து வீட்டு அக்கா ஊரில் இல்லை என்பது ஒரு சாக்கு. உண்மையில் ஒரு புது வீட்டின் எல்லா அறைகளுக்கும் படம் கேட்டு பட்டறையிலிருந்து ஆள் வந்திருந்தார். வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துபோய்ப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும், "ஒன்னும் வேணாம்மா, நீ வேலையப் பாரு" என்றார். அவள் போகும்போதெல்லாம் ஸ்பூன் கையில் இல்லை. போர்வைக்குள் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கணவனுக்கு விடுமுறை. அப்பாவுக்கு முகம் மழித்துவிட்டுக்கொண்டிருந்தான். அவள் பின்னறையில் வேலை செய்துகொண்டிருந்தாள், கார்டு இரைந்தது. திடீரென்று திரையை விலக்கி, "ஏய்" என்று கத்தினான். அவள் நிறுத்தினாள்.

"அப்பா தட்டினா உனக்குக் கேக்குதா? எனக்கு என் பேச்சே கேக்கல."

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. அதற்குள், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு மாமா சொன்னார்: "கேக்குதுடா. ரெண்டாவது தட்டுல வந்துடுவா."

"எங்க, தட்டுங்க, நான் அங்க போய் நின்னு பாக்கறேன்."

"போடா, வேலையத்தவனே. நுரை காயுது. மழி மொதல்ல."

கணவன் சிரித்துக்கொண்டே பிளேடை எடுத்தான். "மருமகளுக்கு வக்கீல் ஆயிட்டாருப்பா." மாமா போர்வைக்குள் ஸ்பூனை இறுக்கிப் பிடித்திருந்தது போர்வை மடிப்பில் தெரிந்தது. அவளைத் திட்டியிருக்கலாம். காட்டிக் கொடுத்திருக்கலாம். அவளுக்காக அவர் பொய் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. சமையல் மூலைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

திங்கட்கிழமை ஏழாவது நாள். கடை திறப்பதற்கு முன்பே டப்பாவோடு ஷட்டருக்கு வெளியே நின்றாள். கடைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"பெருசு உள்ள போகாதுன்னீங்களே?"

"போகும்ங்க. அன்னைக்கே போகும்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் தலையைக் குனியாமலிருக்கப் பாடுபட்டாள். "வீட்ல பெரியவர் ஒருத்தர் இருக்காரு. என் மாமனார். இருக்காரு."

"அன்னைக்கு இல்லைன்னீங்க."

"இருக்காரு" என்றாள் மறுபடி.

கடைக்காரர் டப்பாவைப் பிரித்தார். கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஸ்டிக்கரைத் தடவினார், பிறகு ஒரு தாளை எடுத்தார். பெயர், பில் எண், அதன் கீழே 'மாற்றும் காரணம்' என்று ஒரு கோடு. "என்ன எழுதட்டும்? சத்தம் அதிகம், சரியா?" என்று அவரே எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போடும்போது அவள் அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தாள். வாங்கியபோது இப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அதிலும் இதையேதான் எழுதியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டு அக்காவை அனுப்பிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். நாலு ஸ்க்ரூ. டிஸ்க் கீழே உட்கார்ந்தது. நீளக் கார்டு முனை இடிக்காமல் உள்ளே போனது. அதற்கப்புறமும் மூன்று விரல் இடம் இருந்தது. படத்தை ஓடவிட்டாள். யாரோ தூங்கும்போது விடுகிற மூச்சு அளவுக்குக் காற்றுச் சத்தம்.

வேலை பார்த்தாள். காது மட்டும் முன்னறையில் இருந்தது. கால் மணி நேரம், அரை மணி நேரம். தட்டல் வரவில்லை. முக்கால் மணிக்கு மேல் பொறுக்க முடியாமல் எழுந்து போனாள். மாமா விழித்திருந்தார். ஸ்பூன் ஜன்னல் கட்டையில் தண்ணீர் டம்ளருக்குள் நின்றது. அவர் கையே எட்டி அங்கே வைத்திருக்கிறது.

"மெஷின் ஓடலையா?" என்று கேட்டார்.

"ஓடுது மாமா. இது சத்தம் போடாது."

அவர் சற்று நேரம் கேட்டுப் பார்த்தார். பம்ப் அறையில் இப்படித்தான் கேட்பாராக இருக்கும், கண்ணை மூடி, தாடையை ஒரு பக்கம் தள்ளி. "ட்ரே?"

"கழட்டிட்டேன்."

"முப்பத்தஞ்சு வந்துச்சா?"

"வந்துச்சு மாமா." கட்டில் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், "அன்னைக்கே வந்திருக்கும்."

"டேப்பைப் புடிச்சது நான்தானே" என்றார் மாமா.

அவ்வளவுதான் சொன்னார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவளும் மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடி எடுக்கவில்லை. எடுத்தால் அவர் ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது. ஸ்பூனை டம்ளரிலிருந்து எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் இடது கையில் வைத்து விரல்களை மூடினாள். பெயிண்ட் போன இடத்தில் இரும்பு துருப்பிடிக்க ஆரம்பித்திருந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஒரு கதவு வரைந்தாள், இரண்டாவது கதவை ஆரம்பித்தாள்.

டங். டங். டங். டங்.

மிக மெல்ல. பழைய கார்டாக இருந்தால் பத்தில் ஒரு பங்குகூடக் கேட்டிருக்காது. அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்தது. "என்ன மாமா?"

"ஒன்னுமில்ல. கேக்குதான்னு பாத்தேன்."

"கேக்குது."

"ம்."

அதற்குப் பிறகு அவர் நிறுத்தவில்லை. ஆறு நாள் பாக்கியை ஒரே நாளில் கேட்கிற மாதிரி, நான்கு நான்காகத் தட்டினார். மணி கேட்டார். பால் வந்துவிட்டதா என்றார். தெருவில் போவது யார் வண்டி என்றார். ஒவ்வொரு தடவையும் அவள் எழுந்து போனாள், வந்தாள், அளவை மறந்தாள், மறுபடி கணக்குப் போட்டாள். பதினொன்றாவது தடவை, கைப்பிடியைச் சரியான இடத்தில் வைக்கப்போன நொடியில் தட்டல் வந்தது. அந்தப் பழைய எரிச்சல், ஒரு நூல்கூடக் குறையாமல், அப்படியே நெஞ்சில் ஏறியது. ஏறியதும் வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. வேலையே இல்லாமல் ஓடிய அந்த இரைச்சல், சில்லென்ற விரிப்பு.

எரிச்சலையும் ஞாபகத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழுந்துபோய்த் திரையை விலக்கினாள்.

மாமா ஸ்பூனால் சுவரைக் காட்டினார். "பல்லி" என்றார்.